ரெண்டாவது லெவலில் ஓர் அறை

என் கல்யாண குரூப் போட்டோவில் என் மாமியாரைத் தேடினால் ஒரு கொண்டையும் அரை நெற்றியும்தான் கிடைக்கும். முதல் வரிசையில் பட்டுப்புடவையோடு நின்றிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து, ஆறடி உயரத்தில் இருந்த என் சித்தப்பா மகன்கள் இருவருக்கும் நடுவில் சொருகியது பெல் மாமா. “யம்மா, நீங்க இங்க நில்லுங்க. ரெண்டு பக்கமும் ஆள் கீறாங்க, உழ மாட்டீங்க” என்றார். மாமியார் முறைத்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கிப் போனது. மாமியார் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கேமராக்காரர் மூன்றாவது தடவை “சிரிங்க” என்றபோது மாமியாருக்கு மயக்கம் வந்துவிட்டது. விழுவதற்கு இடம் இல்லாததால் நின்றபடியே மயங்கினார். போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

பெல் மாமாவின் நிஜப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் யாருக்கும் அடையாளம் தெரியாது. பென்ஷன் புத்தகத்திலும் வாக்காளர் அட்டையிலும் இருந்ததோடு சரி, அந்தப் பெயரால் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. எங்கள் லைன் வீட்டு வரிசையில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அவர்கள் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். ஆனாலும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் மாமா, அவர் சம்சாரம் அத்தை. அவர் மகளோடு போய்த் தங்கிவிட்டதால் அவரைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷமாகிறது.

சுரங்கம் ஓடிய காலத்தில் அவருக்கு ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் வேலை. பூமிக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். ஷிஃப்ட்டுக்கு வருகிறவர்களை அதில் ஏற்றி, கம்பிக் கதவைச் சாத்தி, மணி அடித்தால் கேஜ் இறங்கும். இருபத்தெட்டு வருஷம் அந்த மணியை அடித்திருக்கிறார். அவர் சும்மா ஏற்றிவிடுகிற ஆள் இல்லை. வரிசையில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார். ராத்திரி சரியாகத் தூங்காதவன் என்றால் நடுவில். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் என்றால் பின்னால், இரும்புச் சட்டத்தில் முதுகு படுகிற மாதிரி. புதிதாக வேலைக்கு வந்தவன் என்றால் இரண்டு பழைய ஆட்களுக்கு இடையில். குடித்துவிட்டு வந்தவனைக் காலரைப் பிடித்து வீட்டுக்கே திருப்பிவிடுவார். கம்பெனியை மூடின பிறகு கேஜ் இல்லை, மணி இல்லை. அந்தப் பார்வை மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

பிறகு பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நான் பெங்களூரில் ஒரு டிக்கெட் ஆபீஸில் வேலை பார்த்தேன். தினமும் ஒரே ரயில். எங்கள் பெட்டியில் யார் எங்கே உட்கார்வது என்பதை முடிவு செய்தது ரயில்வே இல்லை, பெல் மாமா. “ஊரிகத்துல ஏறற டீச்சர் பங்காரப்பேட்டைல எறங்கிடும், அந்த எடம் உனக்கு. நீ இன்னாபா தலவலின்ற, ஜன்னல் பக்கம் வா. யோவ், காலைல முட்டை துன்னுட்டு வந்துகீற, நீ போயி வாசப்படி பக்கம் நில்லு.” புதிதாக ஏறுகிற யாராவது “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி”, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க என்று கன்னடத்தில் ஆரம்பித்தால் மாமாவுக்குக் கோபம் வரும். அட்ஜஸ்ட் செய்வது என்றால் எல்லாருக்கும் கஷ்டமான இடம், பார்த்து நிறுத்துவது என்றால் எல்லாருக்கும் சரியான இடம் என்பது அவருடைய சித்தாந்தம். அதைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் விளக்குவார். அதற்குள் அந்த ஆள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிடும்.

சாவு வீட்டிலும் விட மாட்டார். பாடையைத் தூக்குகிற நாலு பேரின் உயரத்தைப் பார்ப்பார், முழங்கால் வலி யாருக்கு என்று விசாரிப்பார், ஆளை மாற்றுவார். ஒருமுறை செத்தவருடைய மகனையே மாற்றிவிட்டார் என்று பெரிய சண்டை. அத்தை மட்டும் அதையெல்லாம் குறை சொன்னதில்லை. “கல்யாணமாகி வந்த அன்னிக்கு, நீ இங்கதான் படுக்கணும்னு ஒரு மூலையக் காட்னாரு. முப்பத்தஞ்சு வருஷமா அங்கியேதான் படுத்துனு கீறேன். மழ பெஞ்சா ரூம்ல மத்த எடம் பூரா ஒழுகும், அங்க மட்டும் ஒழுவாது” என்பாள்.

இத்தனை பேருக்கு இடம் பார்த்தவர் தனக்கென்று ஓர் இடம் பார்த்து நான் கண்டதில்லை. ரயிலில் நின்றுகொண்டே வருவார். பந்தியில் கடைசி இலை. வீட்டுக்கு வந்தால் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பேசிவிட்டுப் போய்விடுவார். சிலருக்கு உட்கார்ந்தால் கால் குடையும், அந்த ரகம் போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்கு ஒரே மகள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் நர்ஸ். அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, வயிற்றில் ஒன்றுக்கு இரண்டாக வந்திருந்தது. டிசம்பரில் பிரசவம். “அம்மா வந்தே ஆவணும்” என்று போனில் ஒரே அழுகை. அத்தையால் விமானத்தில் போக முடியாது. சில வருஷத்துக்கு முன்னால் அவள் நுரையீரல் ஒரு பக்கம் சுருங்கிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். பறக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளும் விடவில்லை. எங்கேயோ தேடி ஒரு கப்பலைப் பிடித்துவிட்டாள். சின்ன உல்லாசக் கப்பல், நூறு பேருக்கு மேல் ஏறாது. நவம்பரில் கொச்சியிலிருந்து கிளம்பிப் பதிமூன்று நாளில் பெர்த் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும். அறையைப் பார்த்துப் பதிவு செய்கிற பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நான் அதுவரை ஒரு பரிசல்கூட புக் செய்ததில்லை.

கப்பலின் வரைபடத்தை ஆபீஸில் கலரில் பிரின்ட் எடுத்தேன். ஒரு தளத்துக்கு ஒரு தாள் என்று இரண்டிலிருந்து ஆறு வரை ஐந்து தாள். ஒவ்வொன்றும் மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். அறைகள், நடை, லிஃப்ட், மாடிப்படி. எல்லாவற்றையும் மாமாவிடம் கொடுத்து, “நிதானமாப் பாருங்க மாமா, ஞாயித்துக்கிழமை சொல்லுங்க” என்றேன்.

இடம் பார்ப்பதையே பிறவிப் பயனாகக் கொண்ட மனிதருக்கு ஒரு முழுக் கப்பலைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? மாமா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னாள். தாள்களை யூனியன் ஆபீஸ் வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே பென்ஷன்காரர்கள் கேரம் ஆடுகிற இடம். ஞாயிறு நான் சர்ச் முடிந்து போனபோது காய்களெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தன. போர்டின்மேல் கப்பல் விரிந்திருந்தது. ஏழெட்டு பேர் மூக்குக்கண்ணாடியோடு குனிந்திருந்தார்கள்.

“இன்னாபா இது, ஆறு லெவல்தானா? நூறு லெவல் எறங்கினவன் நானு” என்றார் பாறையில் துளை போடும் டிரில்லராக இருந்தவர்.

“ஆறாவது லெவல் ரூமப் பாரு, எவ்ளோ பெருசு. எதுக்குப் பெருசா வச்சிக்கீறான்? எவனும் போவ மாட்டான், அதான் ஆச காட்டறான்” என்றார் இன்னொருவர்.

“ரெண்டாவது லெவல்தான் கரெக்ட்டு” என்றார் மாமா. “நடுவுல ஒரு ரூமு. லிஃப்ட் ஷாஃப்ட்டுக்கு ரெண்டு கதவு தள்ளி. ஒண்ணுன்னா நாலே எட்டுல ஷாஃப்ட்டாண்ட வந்துடலாம்.”

இருநூற்றுப் பதினாலாம் நம்பர் அறையைப் பால்பாயிண்ட் பேனாவால் நாலு தடவை வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். கடல் கொந்தளித்தால் ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில்தான் என்று நான் முந்தின நாள்தான் படித்திருந்தேன். ஜன்னல் கிடையாது, ஆனால் வாந்தியும் கிடையாது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இதுதான் இருக்கறதுலயே நல்ல இடம்” என்றேன். பென்ஷன்காரர்கள் நெஞ்சு நிமிர்ந்தது. “அனுபவம்மா” என்றார் டிரில்லர். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக இருநூற்றுப் பதினாலைப் பதிவு செய்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மாமா நைலான் கயிற்றுச் சுருளோடு என் வீட்டு நிலைப்படியில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, ரெண்டாவது லெவல்ல கயிறு கட்னா திட்டுவானுங்களா? அத்த பொடவைங்கள காயப் போடணும். மேல கீற லெவல்தானே, நல்லா வெயில் வரும்.”

“மேலயா?” என்று சிரித்துவிட்டேன். “மாமா, அது அடியில இருக்கு.”

“ரெண்டாவதும்மா.”

“ஆமா. கப்பல்ல கீழருந்து மேல எண்ணுவாங்க.”

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? சுரங்கத்தில் முதல் லெவல் வெளிச்சத்துக்குப் பக்கம். நம்பர் கூடக் கூடப் பாதாளம். பிறந்ததிலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் எண்ணுவது அப்படித்தான். வராந்தாவில் அத்தனை பேரும் குனிந்து பார்த்தது கப்பலை இல்லை, ஷாஃப்ட்டை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கழுவி வைத்திருந்த டிபன் கேரியரை எடுத்து வந்து காட்டினேன். அடித்தட்டு ஒன்று. அதற்கு மேல் இரண்டு. மூடிக்குக் கீழே இருப்பது ஆறு. கப்பலில் ஏறுகிற வாசல் நாலாவது தட்டில். அங்கிருந்து இரண்டு தட்டு கீழே இறங்க வேண்டும்.

“தண்ணி எதுவரைக்கும்?” என்று கேட்டார்.

இரண்டாவது தட்டின் அடியில் விரலை வைத்தேன். மாமா உள்ளே வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மாத்திடும்மா” என்றார்.

மறுநாள் ஆபீஸிலிருந்து எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். மேல்தளங்களில் ஓர் அறைகூட இல்லை. சின்னக் கப்பல், எல்லாம் போய்விட்டது. இருநூற்றுப் பதினாலை விட்டால் அதுவும் போய்விடும் என்றார்கள். சாயங்கால ரயிலில் வாசலோரம் நின்றுகொண்டிருந்தவரிடம் சொன்னேன்.  அவர் தண்டவாளச் சத்தத்துக்கு நடுவில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நான் கீழ எறங்கினதே இல்லம்மா. ஒரு தபா கூட.”

“எங்க?”

“மைன்ல. பதினெட்டு வயசுல மொத நாளு கேஜ்ல ஏத்தினாங்க. கதவ சாத்தினாங்க. நான் கத்தின கத்துல ஷாஃப்ட் மேல குந்தியிருந்த காக்கா பூரா பறந்துச்சு. ஃபோர்மேன் வெளிய இஸ்துப் போட்டு, கீழ போவ மாட்டியா, அப்ப மேல நின்னு கதவ சாத்துன்னாரு. அன்னிலருந்து கதவுக்கு வெளிலதான்.”

“அத்தைக்குத் தெரியுமா?”

“யாருக்குமே தெரியாது. அந்த ஃபோர்மேனும் செத்துட்டாரு.”

“எண்பதாவது லெவல்ல தண்ணி பூந்தப்ப நான் அங்க இருந்தேன்னு எங்களுக்கெல்லாம் கதை சொல்வீங்களே மாமா!”

“அது டிரில்லரு எனக்குச் சொன்னது. நான் அதயே அவங்கிட்ட திருப்பிச் சொன்னேன். அவனும் ஆமா ஆமான்னு தலையாட்டினான்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பியது. இருபத்தெட்டு வருஷம் இந்த மனிதர் என்னதான் பார்த்து ஆட்களை நிறுத்தினார் என்று கேட்டேன்.

“பயப்படறவனுக்கு எங்க நின்னா தெம்பா இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. ஒவ்வொருத்தனயும் அங்க நிறுத்துவேன். அவ்ளோதான்” என்றார்.

அடுத்த நாளிலிருந்து அவர் சாக்குகள் தேட ஆரம்பித்தார். கடல் காற்று உடம்புக்கு ஆகாது. வீட்டில் வளர்க்கிற ஆட்டை யார் பார்த்துக்கொள்வது? எல்லாவற்றுக்கும் மேலாக, நவம்பர் மாதம் பென்ஷன் ஆபீஸில் உயிரோடிருப்பதற்கான சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். “நான் ஊர்ல இல்லன்னா, நான் உசுரோட கீறேன்னு யாரு சொல்றது?” என்றார். “நீங்க வரலன்னா, நீங்க உசுரோட இல்லன்னு நானே போயி எழுதிக் குடுத்துடறேன்” என்றாள் அத்தை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். ஆனால் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள். “அவளுக்குச் சின்ன வயசுல ஊசி போடணும்னாகூட என் கைய புடிச்சிக்கினாதான் ஆவும். இப்ப வயித்துல ரெண்டு கீது. தனியா நான் எப்டிப் போவேன் சொல்லு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமாவுக்கு என்ன கேடு வந்தது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

தப்பு என்னுடையது, நான்தான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும் என்று அத்தையிடம் ஆரம்பித்தேன். தளம், எண்ணிக்கை, டிபன் கேரியர் எல்லாம் சொன்னேன். மாமாவின் ரகசியத்தை மட்டும் மென்று விழுங்கினேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அதானே பாத்தேன். கீழ எறங்கணும்னா வர மாட்டாரே” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியுமா அத்தை?”

“தெரியாமயா கட்டிக்கினேன்? ஃபோர்மேன் எங்கப்பாவோட சிநேகிதரு. எங்கம்மாவுக்கு ரெண்டு அண்ணங்க, ரெண்டு பேரும் கீழ போயி திரும்பல. எம் பொண்ண கீழ போறவனுக்குக் குடுக்க மாட்டேன்னு எங்கப்பா சுத்தினு இருந்தாரு. ஃபோர்மேன்தான் சொன்னாரு, ஒரு பையன் கீறான், உலகமே பொரண்டாலும் கீழ எறங்க மாட்டான்னு. அன்னிக்கே தட்டு மாத்திட்டாங்க. நீ இத்த அவராண்ட சொல்லாத, வெக்கப்படுவாரு.”

முப்பத்தைந்து வருஷம் ஒரே அறையில் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் ஒரே ரகசியத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள். லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எத்தனை இருமல் என்று எண்ணிச் சொல்லலாம். அப்படிப்பட்ட இடத்தில் இதை எங்கே வைத்திருந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிறு நான் சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டு மாமாவைப் பெங்களூருக்கு இழுத்துப் போனேன். அங்கே ஒரு பெரிய மாலில் கார் நிறுத்துவதற்காகத் தரைக்குக் கீழே இரண்டு தளம் உண்டு. லிஃப்ட்டில் அடித்தளம் ஒன்று, அடித்தளம் இரண்டு என்று எழுதியிருந்தது. கீழே போகப் போக நம்பர் கூடியது. “பாத்தியா, இங்க கரெக்டா எண்ணிக்கீறான். கப்பல்காரனுக்குத்தான் புத்தி இல்ல” என்று மாமாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இரண்டு தளம் இறங்கிப் பார்ப்பது, ஏறி வருவது. கப்பலுக்கு ஒத்திகை. அவ்வளவுதான் திட்டம்.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே பத்து பேர் ஏறினார்கள். மாமாவின் கண் ஓட ஆரம்பித்துவிட்டது. குழந்தை வண்டியை மூலைக்குத் தள்ளினார். கர்ப்பிணிப் பெண்ணைக் கைப்பிடிப் பக்கம் நிறுத்தினார். பெரிய பையோடு திணறியவரிடமிருந்து அதை வாங்கி, சின்னப் பை வைத்திருந்தவனிடம் கொடுத்தார். எல்லாம் கச்சிதமாக அமைந்ததும் ஒரு எட்டு பின்னால் வைத்தார். கதவு சாத்திக்கொண்டது. மாமா வெளியே. உள்ளே அடித்தளம் இரண்டுக்கு நான் மட்டும் போய் வந்தேன்.

இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை அவரைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தாத்தாவுக்கு இடம் பார்த்துக் கொடுக்கிற வேகத்தில் என் கையிலிருந்து நழுவிவிட்டார். நாலாவது தடவைக்குள் லிஃப்ட் வாசலில் ஆட்கள் தாங்களாகவே வரிசையாக நின்று, “அண்ணா, நான் எங்கே?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. கடைசியாக ஒரு கன்னடத்துக் கிழவி, கையில் கீரைக்கட்டு துருத்திக்கொண்டிருக்கிற பை. அவளை நடுவில் நிறுத்திவிட்டு மாமா பின்வாங்கினார். கிழவி எட்டி அவர் பெல்ட்டைப் பிடித்தாள். “ஏ, ஜாக இதெ, ஒளகே பாரப்பா!” என்றாள். இடம் இருக்கிறது, உள்ளே வாடா என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் இதை யாரும் சொன்னதில்லை. கதவு சாத்திக்கொண்டது. மாமா உள்ளே.

கத்தவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கிழவியின் பைக் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடித்தளம் இரண்டில் கதவு திறந்ததும் கண்ணைத் திறந்து பார்த்தார். வரிசையாகக் கார்கள். “இவ்ளோதானா?” என்றார். அடுத்த நிமிஷம் விறுவிறுவென்று கார் ஏறுகிற சரிவில் நடையைக் கட்டினார். வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அவனுக்குப் பின்னால் நான். தானும் வாட்ச்மேன்தான் என்பதை மாமா ஓடிக்கொண்டே அவனுக்கு விளக்கினார்.

திரும்பி வருகிற ரயிலில் பங்காரப்பேட்டை தாண்டின பிறகு, “ரெண்டு தட்டுதானே” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நவம்பரில் கிளம்பினார்கள். நைலான் கயிற்றையும் எடுத்துக்கொண்டுதான் போனார். கொச்சியில் ஏறின அன்று கப்பலிலிருந்து அத்தை போன் பண்ணினாள். “நாலாவதுலருந்து எறங்கற படில ஒரு வெள்ளக்காரக் கெழவி கம்ப ஊணிக்கினு நின்னுச்சி. எறங்க பயம் அதுக்கு. இவுரு போயி, நீ நடுவுல வா, நான் பின்னாலயே வரேன்னு தமிழ்லயே சொல்லி, அந்தக் கெழவிய கூட்டினு எறங்கிட்டாரு. எறங்கினப்பறம்தான் எங்க கீறோம்னு பாத்தாரு. மூஞ்செல்லாம் வேர்வ. ஆனா எறங்கிட்டாரு!”  நான் ஆபீஸ் என்றும் பார்க்காமல் கை தட்டினேன்.

ஏழாம் நாள் நடுக்கடலில் காற்று பிடித்துக்கொண்டது. ஆறாவது தளத்துப் பெரிய அறைக்காரர்களுக்கெல்லாம் ஒரே வாந்தி. இருநூற்றுப் பதினாலில் அத்தை பின்னல் போட்டுக்கொண்டிருந்தாளாம். மாமா மேலே போய் ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்து, இரண்டாவது தளத்து நடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, சுவரோரம் வரிசையாக உட்கார வைத்திருக்கிறார். குண்டானவர் ஓரத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்து, கைத்தடிக் கிழவி நடுவில். கப்பல் சிப்பந்திகள் முதலில் தடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு அவர் சொன்ன இடத்தில் பக்கெட் வைக்க ஆரம்பித்துவிட்டார்களாம். இந்தச் செய்தி வந்ததும் யூனியன் ஆபீஸ் வராந்தாவில் பென்ஷன்காரர்களைப் பிடிக்க முடியவில்லை. “ஆறாவது லெவல் வேணாம், ரிஸ்க்குன்னு நாங்க அப்பவே சொல்லல?” என்றார் டிரில்லர். கப்பலில் எப்படி எண்ணுவார்கள் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பதிமூன்றாம் நாள் கப்பல் கரை சேர்ந்தது. அத்தை மறுபடியும் போன் பண்ணினாள். இந்தத் தடவை சண்டைக்காரக் குரல். “நீயே கேளு இந்த மனுஷன! வெளிய வந்துட்டோம். அதோ கம்பி வேலிக்கு அந்தாண்ட எம் பொண்ணு, இம்மாம் பெரிய வயித்த தூக்கிக்கினு கைய ஆட்றா. நான் அழுவறேன், அவ அழுவறா. இவுரு சிரிக்கிறாரு. நல்லா பல்லக் காட்டி சிரிச்சுட்டு, இரு வந்துடறேன்னு திரும்பிக் கப்பலுக்குள்ள போறாரு! எதனா மறந்துட்டாரான்னு பாத்தா, வெறுங்கையோட வர்றாரு. புள்ளய பாக்க வந்தாரா, ரூமப் பாக்க வந்தாரா?”

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

“எதுக்கு மாமா திரும்பிப் போனீங்க?”

“ஏறி வர்றதுக்கும்மா.”

“புரியல மாமா.”

“ஷிஃப்ட் முடிஞ்சா கேஜ் மேல வரும்ல. கதவத் தொறக்கறது நான்தான். மேல வர்றவன் மொதல்ல பாக்கறது எம் மூஞ்சத்தான். இருபத்தெட்டு வருஷம், ஒருத்தன் உடாம என்னப் பாத்து சிரிச்சானுங்க. உடம்பு பூரா சேறு, பல்லு மட்டும் தெரியும். எம் மூஞ்சில இன்னாடா கீது, எதுக்கு சிரிக்கறானுங்கன்னு நானும் எத்தினியோ தபா கண்ணாடில பாத்துக்கீறேன். இன்னிக்கு அந்தப் படியேறி வெளிய வரேன், எதுர்ல எம் பொண்ணு நிக்கிறா. சிரிப்பு வந்துச்சும்மா, அடக்க முடியல. அடப்பாவிங்களா, இதுதானா அதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. அதான் இன்னொரு தபா எறங்கி ஏறி வந்தேன்.”